எத்தனையா, எவ்வளவா?

கீரை விற்கும் அம்மா "எத்தனை கட்டு வேணும்?" என்று கேட்பார். அதே தெருவில் பால் ஊற்ற வருகிறவர் "எவ்வளவு பால் ஊத்தட்டும்?" என்பார். "எத்தனை பால்?" என்று கேட்ட பால்காரரை நான் பார்த்ததில்லை. பள்ளி வாசலை மிதிக்காதவரும் இந்த இடத்தில் தடுமாறுவதில்லை. ஆங்கில இலக்கணப் புத்தகம் 'கவுண்டபிள்', 'அன்கவுண்டபிள்' என்று பெயர் சூட்டிப் பக்கம் பக்கமாக விளக்குவது இதைத்தான். 'ஹவ் மெனி' என்றால் எத்தனை. 'ஹவ் மச்' என்றால் எவ்வளவு. வேறுபாடு நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் நேர்முகத் தேர்விலும் நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடங்களில் இது ஒன்று. காதில் இருப்பது ஏன் நாவுக்கும் பேனாவுக்கும் வரவில்லை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் பழைய கணக்குப் பாடத்தில் அளவைகள் நான்கு: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். தேங்காயை எண்ணுவோம். புளியைத் தராசில் எடுப்போம். எண்ணெயைப் படியால் முகப்போம். பூவை முழம் போட்டு நீட்டுவோம். ஆங்கிலப் பெயர்ச்சொற்களைப் பிரிக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. எண்ணல் ஒரு பக்கம் நிற்கட்டும். மற்ற மூன்றும் சேர்ந்து மறுபக்கம் நிற்கட்டும். எண்ணல் பக்கத்துச் சொல்லுக்கு மெனி, ஃபியூ, ஃபியூவர், நம்பர் ஆகியவை துணை. பன்மையில் அதற்கு 'எஸ்' ஒட்டும். ஒருமையில் முன்னால் 'எ' அல்லது 'ஆன்' வரும். மறுபக்கத்துச் சொல்லுக்கு மச், லிட்டில், லெஸ், அமவுன்ட் ஆகியவை துணை. அதற்கு 'எஸ்'ஸும் இல்லை, 'எ'யும் இல்லை. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரே பிரிவினையைச் சுற்றித்தான். எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படியுங்கள். இவ்வகைப் பிழைகள் கண்ணைவிடக் காதுக்குத்தான் சீக்கிரம் அகப்படும்.

பிழை எங்கிருந்து வருகிறது

தமிழில் 'பத்து மாடு' என்றால் போதும். 'பத்து மாடுகள்' என்றாலும் சரி. 'மாடு வந்தது' என்றால் ஒன்று, 'மாடு வந்தன' என்றால் பல. பெயர் மாறாமல் நிற்க, வினை எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட சொல்லை நம் இலக்கணம் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. அஃறிணையில் 'கள்' என்பது வேண்டும் இடத்தில் சேர்ப்பது, கட்டாயமில்லை. தொல்காப்பியத்திலேயே அதற்கு இடம் உண்டு. ஆங்கிலம் இந்தச் சலுகையைத் தருவதில்லை. அங்கே எண்ணிக்கையைப் பெயர்ச்சொல்லே தன் உடம்பில் காட்டியாக வேண்டும்.

எனவே படிக்கத் தொடங்கும் பிள்ளை 'டென் புக்', 'ஃபைவ் பென்சில்' என்கிறது. ஆசிரியர் திருத்துகிறார், மறுபடி திருத்துகிறார். பிள்ளை பயந்துபோய் அடுத்த கட்டத்தில் கண்ட சொல்லுக்கெல்லாம் 'எஸ்' ஒட்டுகிறது: இன்ஃபர்மேஷன்ஸ், ஃபர்னிச்சர்ஸ், அட்வைசஸ். வேலை தேடும் இளைஞர்களின் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விடுபட்ட 'எஸ்'ஸைவிட வேண்டாத 'எஸ்'ஸைத்தான் அதிகம் அடித்திருக்கிறேன். அக்கறையோடு படித்தவர் செய்யும் பிழை அது. அதனாலேயே அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது. பட்டமும் உழைப்பும் உள்ள ஒருவரை, கடிதத்தின் இரண்டாவது வரியில் இருக்கும் ஓர் எழுத்து குறைத்துக் காட்டிவிடக் கூடாது.

இன்னொரு வாசலும் இருக்கிறது. பேச்சுத் தமிழிலேயே இப்போது 'எத்தனை' தேய்ந்துவருகிறது. "கல்யாணத்துக்கு எவ்வளவு பேர் வந்தாங்க?", "எவ்ளோ புக்ஸ் வாங்கின?" என்று கேட்கிறோம். அந்தப் பழக்கம்தான் 'ஹவ் மச் பீப்பிள்', 'சோ மச் ஆஃப் ப்ராப்ளம்ஸ்' என்று ஆங்கிலத்தில் வந்து விழுகிறது. 'ஹவ் மெனி பீப்பிள்', 'சோ மெனி ப்ராப்ளம்ஸ்' என்பவையே சரி. வீட்டில் தமிழ் பேசும்போதே 'எத்தனை பேர்', 'எத்தனை புத்தகம்' என்று கேட்கப் பழகுங்கள். ஆங்கிலமும் சேர்ந்து நேராகும்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்ற பிழைக்கும் வேர் தமிழில்தான். 'என் ஃப்ரெண்ட் ஒருத்தன்' என்பது நம் வழக்கம். அங்கே நண்பன் ஒருமை. அதை அப்படியே பெயர்த்தால் பிழை வரும். 'என் நண்பர்களில் ஒருவன்' என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பலருக்குள் ஒருவன் என்றால் அந்தப் பலர் பன்மையாகத்தானே இருக்க வேண்டும்? 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'.

அரிசியும் பட்டாணியும்

'எத்தனை, எவ்வளவு' சோதனை பெரும்பாலான சொற்களுக்குப் போதும். ஆனால் ஒரு பொருளை எண்ண முடியுமா என்பது வேறு. அதன் பெயரை ஆங்கிலம் எண்ணுகிறதா என்பது வேறு. பொறுமை இருந்தால் அரிசியை ஒவ்வொரு மணியாக எண்ணலாம். இருந்தும் 'ரைஸ்' அளக்கும் சொல். 'எ ரைஸ்', 'மெனி ரைசஸ்' என்பது கிடையாது. 'வீட்' என்ற கோதுமையும் அப்படியே. ஆனால் அதே மளிகைக் கடையில் பருப்பு 'லென்டில்ஸ்', பட்டாணி 'பீஸ்', மொச்சை 'பீன்ஸ்' என எண்ணும் சொற்கள். 'ரைஸ் இஸ்' என்போம், 'லென்டில்ஸ் ஆர்' என்போம். மணியின் பருமனைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. மொழி அப்படி வழங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பட்டாணியின் கதை சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'பீஸ்' என்பதே ஒருமை. அதன் கடைசி ஒலி பன்மை 'எஸ்' போலக் கேட்டதால், நாளடைவில் மக்கள் அதைப் பன்மை என்று எண்ணி, 'பீ' என்ற புது ஒருமையை அதிலிருந்து உரித்து எடுத்துவிட்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களே குழம்பிப் புதுச்சொல் படைத்த இடம் இது. ஆகையால் இந்தப் பாகுபாட்டில் நீங்கள் தடுமாறினால் அறிவுக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

பணமும் அப்படித்தான். நாள் முழுதும் எண்ணுவது பணத்தைத்தான். ஆனால் 'மனி' அளக்கும் சொல். எண்ணப்படுவது ரூபாயும் நாணயமும் நோட்டும். நம் 'பணம்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஒரு நாணயத்தின் பெயர். ஆங்கிலேயர் அதை 'ஃபனம்' என்று எழுதினார்கள். அப்போது பத்துப் பணம், இருபது பணம் என்று எண்ணினோம். பின்னால் அது பொதுப்பெயராகி 'எவ்வளவு பணம்' ஆயிற்று. ஒரே சொல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனதற்கு நம் வீட்டிலேயே சான்று.

மூட்டைச் சொற்கள்

தமிழில் 'இரண்டு தகவல்கள்', 'மூன்று ஆலோசனைகள்', 'நான்கு சான்றுகள்' என்று எந்த உறுத்தலும் இல்லாமல் சொல்கிறோம். எத்தனை தகவல் என்றும் கேட்கலாம். எனவே நம் சோதனை இங்கே நம்மைக் கைவிட்டுவிடும். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எவிடென்ஸ்' மூன்றும் ஆங்கிலத்தில் அளக்கும் சொற்கள். இவற்றை நான் மூட்டைச் சொற்கள் என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். பல தனிப் பொருள்களை ஆங்கிலம் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி எல்லாம் கட்டிய மூட்டை 'ஃபர்னிச்சர்'. பெட்டி, பை, டிரங்க் எல்லாம் கட்டியது 'லக்கேஜ்' அல்லது 'பேகேஜ்'. கருவிகளின் மூட்டை 'எக்விப்மென்ட்', இயந்திரங்களின் மூட்டை 'மெஷினரி', எழுதுபொருள்களின் மூட்டை 'ஸ்டேஷனரி'. மூட்டைக்குள் பன்மை ஏற்கெனவே இருக்கிறது. மேலே 'எஸ்' ஒட்டுவது கட்டிய மூட்டைக்கு மேல் இன்னொரு கயிறு.

தினமும் கண்ணில் படுகிறவை இன்னும் சில: ஹோம்வொர்க், சீனரி, சாஃப்ட்வேர், ஃபீட்பேக், நாலெட்ஜ், ரிசர்ச், டிராஃபிக், பிரெட், சோப். இவற்றில் எதற்கும் வால் வேண்டாம்.

மூட்டைக்குள்ளிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி நமக்குப் பழகியது. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கவளம் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுச்சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆங்கிலத்திலும் 'எ பிஞ்ச் ஆஃப் சால்ட்', 'எ லோஃப் ஆஃப் பிரெட்', 'எ பார் ஆஃப் சோப்', 'எ ஷீட் ஆஃப் பேப்பர்' என்று உண்டு. கையில் தனி அளவுச்சொல் இல்லாதபோது 'எ பீஸ் ஆஃப்' கைகொடுக்கும்: 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: மூட்டையை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருப்பதன் பெயரைச் சொல்வது. 'த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்பது சரிதான். ஆனால் கடையில் நிற்கும்போது 'டூ சேர்ஸ் அண்ட் எ டேபிள்' என்று கேட்பதுதான் இயல்பு. 'லக்கேஜ்' என்பதற்கு 'பேக்ஸ்', 'இன்ஃபர்மேஷன்' என்பதற்கு 'டீடெய்ல்ஸ்' அல்லது 'ஃபேக்ட்ஸ்', 'அட்வைஸ்' என்பதற்கு 'சஜெஷன்ஸ்' அல்லது 'டிப்ஸ்', 'ஃபீட்பேக்' என்பதற்கு 'கமென்ட்ஸ்', 'சாஃப்ட்வேர்' என்பதற்கு 'புரோகிராம்ஸ்', 'ரிசர்ச்' என்பதற்கு 'ஸ்டடீஸ்', 'பொயட்ரி' என்பதற்கு 'போயம்ஸ்', 'வொர்க்' என்பதற்கு 'டாஸ்க்ஸ்' அல்லது 'ஜாப்ஸ்'. இந்த இணைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ண வேண்டிய நேரத்தில் எண்ணும் சொல்லையே எடுத்தால், பிழைக்கே இடமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய நூல்களிலும் சட்ட ஏடுகளிலும் வங்கித் தாள்களிலும் இந்தச் சொற்கள் பன்மையில் வருவதைப் பார்ப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'அட்வைசஸ்' என்றால் வெளியூர்களிலிருந்து வந்த செய்திகள். ஆங்கிலச் சட்ட வழக்கில் 'ஆன் இன்ஃபர்மேஷன்' என்பது நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் முறையான குற்றச்சாட்டு. அவை அந்தந்தத் தொழிலுக்கு உரியவை. அவற்றைக் காட்டி 'சம் இன்ஃபர்மேஷன்ஸ்' சரி என்று வாதாட முடியாது.

மூட்டைச் சொற்களில் நம் ஊரில் அதிகம் அடிபடுவது 'ஸ்டாஃப்'. 'அவர் எங்க ஆபீஸ்ல ஒரு ஸ்டாஃப்' என்பது தமிழாகிவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் அப்படி வராது. 'ஸ்டாஃப்' என்பது அங்கே பணிபுரியும் அத்தனை பேரும் சேர்ந்தது. ஒருவரைச் சொல்ல 'எ ஸ்டாஃப் மெம்பர்' அல்லது 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்'. 'தேர்ட்டி ஸ்டாஃப்ஸ்' என்று எழுதாமல் 'தேர்ட்டி ஸ்டாஃப் மெம்பர்ஸ்' அல்லது 'தேர்ட்டி எம்ப்ளாயீஸ்' என்று எழுதுங்கள். 'போலீஸ்' என்பதும் இந்த வகை. 'எ போலீஸ் கேம்' என்பது பிழை. 'எ போலீஸ் ஆஃபீசர் கேம்'. கூட்டாகச் சொல்லும்போது அது பன்மை வினை கேட்கும்: 'தி போலீஸ் ஆர் இன்வெஸ்டிகேட்டிங்'.

பேருந்தில் கேட்கிறோமே, "அங்க ஒரு லேடீஸ் நிக்கிறாங்க, எழுந்து இடம் குடுங்க" என்று. அது எதிர்த்திசையில் நடந்தது. ஆங்கிலப் பன்மை தமிழில் ஒருமையாகக் குடியேறிவிட்டது. 'ஒரு ஜென்ட்ஸ்' என்பதும் அப்படியே. தமிழுக்குள் இருக்கும்வரை சரி. அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பும்போது 'எ லேடி' ஆக்கி அனுப்ப வேண்டும். 'ஆல்ஃபபெட்' இன்னொன்று. 'இங்கிலீஷ் ஹாஸ் 26 ஆல்ஃபபெட்ஸ்' என்று பள்ளிச் சுவரிலேயே எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆல்ஃபபெட் என்பது நெடுங்கணக்கு முழுவதும்; ஓர் எழுத்து 'லெட்டர்'. ஆங்கில நெடுங்கணக்கில் 26 லெட்டர்கள், தமிழில் 247.

லெஸ், ஃபியூவர், லெஸ்ஸர்

விதி எளிது. எண்ணிக்கை குறைந்தால் 'ஃபியூவர்', அளவு குறைந்தால் 'லெஸ்': 'ஃபியூவர் பசஸ்', 'லெஸ் டிராஃபிக்', 'ஃபியூவர் மிஸ்டேக்ஸ்', 'லெஸ் நாய்ஸ்'. கூடுதலுக்கு இந்தத் தொல்லை இல்லை. 'மோர்' இரண்டு பக்கத்துக்கும் பொது. குறையும் இடத்தில் மட்டும் ஆங்கிலம் இரண்டு சொல் கேட்கிறது.

இந்த விதி நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதும் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணிக்கைக்கு 'லெஸ்' வழங்கியிருக்கிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றிய தம் நூலில், எண்ணிக்கை வருமிடத்தில் 'ஃபியூவர்' நயமாகவும் பொருத்தமாகவும் இருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்று எழுதினார். ஒருவரின் விருப்பமாகத் தொடங்கியது பின்னால் பள்ளி விதியாக இறுகியது. இன்றும் பேச்சில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் எண்ணிக்கைக்கு 'லெஸ்' சொல்லக் கேட்கலாம். 2008-இல் பிரிட்டனின் டெஸ்கோ அங்காடி, 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை மீது எழுந்த ஆட்சேபத்தால் அதை மாற்றியது. 'ஃபியூவர்' என்று போடாமல், 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று போட்டுச் சச்சரவையே தவிர்த்தது. வழி தெரியாத இடத்தில் வாக்கியத்தையே மாற்றிவிடும் அந்த உபாயத்தை நீங்களும் பயன்படுத்தலாம். ஆனால் தேர்விலும் விண்ணப்பத்திலும் பள்ளி விதியையே கடைப்பிடியுங்கள் என்பது என் கருத்து. அங்கே படிப்பவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

விதியைத் தெரிந்தவர்களும் ஒரு முடிச்சில் மாட்டுவார்கள். 'லெஸ் தன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்' சரியா? ஐந்து என்ற எண் இருக்கிறது, கிலோமீட்டருக்கு 'எஸ்' இருக்கிறது. அப்படியானால் 'ஃபியூவர்' தானே வர வேண்டும்? நான்கு அளவைகளுக்குத் திரும்புங்கள். ஐந்து கிலோமீட்டர் என்பது நீட்டல். ஐந்து தனிப் பொருள்கள் அல்ல, ஒரே தொலைவு. பத்துக் கிலோ என்பது எடுத்தல். மூன்று லிட்டர் என்பது முகத்தல். 500 ரூபாயை நாம் 'எவ்வளவு' என்றுதான் கேட்கிறோம். ஆகவே 'லெஸ் தன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்', 'லெஸ் தன் டென் கிலோஸ்', 'லெஸ் தன் 500 ருபீஸ்', 'லெஸ் தன் டூ ஹவர்ஸ்' எல்லாம் சரி. எண் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எண்ணல் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபியூவர் தன் ஃபிஃப்டி ஸ்டூடன்ட்ஸ்' என்பதில் தலை தலையாக எண்ணுகிறோம், அங்கே 'ஃபியூவர்'.

இந்தியாவில் அதிகம் வழங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: 'லெஸ்ஸர்'. 'லெஸ்ஸர் பீப்பிள் கேம்', 'ஐ காட் லெஸ்ஸர் மார்க்ஸ்' என்கிறோம். 'லெஸ்' என்பதே ஒப்பீட்டுச் சொல். அதன்மேல் இன்னொரு ஒப்பீடு ஏற்ற வேண்டாம். 'லெஸ்ஸர்' என்பது தகுதியிலும் முக்கியத்துவத்திலும் தாழ்ந்தது என்ற பொருளுக்கு ஒதுக்கியது. 'லெஸ்ஸர் பீப்பிள்' என்றால் கேட்பவர் காதில் 'தாழ்ந்த மனிதர்கள்' என்று விழும். நீங்கள் சொல்ல வந்தது அதுவல்லவே. 'ஃபியூவர் பீப்பிள் கேம்', 'ஐ காட் லோவர் மார்க்ஸ்' என்று சொல்லுங்கள்.

ஓர் 'எ' செய்யும் வேலை

தமிழில் 'கொஞ்சம்' எல்லாவற்றுக்கும் பொது. கொஞ்சம் பேர், கொஞ்சம் தண்ணீர். ஆங்கிலத்தில் ஆளுக்கு 'எ ஃபியூ', தண்ணீருக்கு 'எ லிட்டில்'. இதுவரை சிரமமில்லை. சிரமம் அந்த 'எ'யில் இருக்கிறது.

'ஐ ஹேவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் இன் கோயம்புத்தூர்' என்றால் கோயம்புத்தூரில் எனக்குச் சில நண்பர்கள் உண்டு. போனால் தங்க இடம் கிடைக்கும். 'ஐ ஹேவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் இன் கோயம்புத்தூர்' என்றால் அங்கே எனக்கு அவ்வளவாக யாரும் இல்லை. முதலாவது 'கொஞ்சம் இருக்கு', இரண்டாவது 'கொஞ்சம்தான் இருக்கு'. நம் 'தான்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'எ' விடுபடுவது செய்கிறது. 'தேர் இஸ் எ லிட்டில் ஹோப்' என்று மருத்துவர் சொன்னால் நம்பிக்கை இருக்கிறது. 'தேர் இஸ் லிட்டில் ஹோப்' என்றால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். வாக்கியம் முழுவதையும் புரட்டிப் போடக்கூடிய இந்த 'எ'யை வேகமாகப் பேசும்போது நாம் விழுங்கிவிடுகிறோம். இலக்கணப் பிழையால் மதிப்பெண் போனால் போகட்டும். பொருளே மாறிப்போவது அப்படியல்ல. இதை மட்டும் தனியாக உட்கார்ந்து பழகுங்கள்.

'மச்' என்பதைப் பற்றி ஒரு வரி. 'ஐ ஹேவ் மச் வொர்க்' என்பது விதிப்படி சரி, காதுக்குச் சரியில்லை. உடன்பாட்டு வாக்கியத்தில் 'எ லாட் ஆஃப் வொர்க்' என்பதே பேச்சு வழக்கு. கேள்வியிலும் எதிர்மறையிலும் 'மச்' இயல்பாக உட்காரும். 'எ லாட் ஆஃப்', 'பிளென்டி ஆஃப்', 'இனஃப்', 'சம்' எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது. பேசிக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வந்தால் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

'அமவுன்ட்' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பணத்துக்கே வைத்திருக்கிறோம்: "அமவுன்ட் கட்டியாச்சா?" அது சரியான பழக்கம்தான், அளக்கும் சொல் என்பதால். பிழை வருவது 'எ லார்ஜ் அமவுன்ட் ஆஃப் பீப்பிள்' என்று எழுதும்போது. மனிதர்களைக் குவியலாக அளந்தது போல் ஆகிவிடும். 'எ லார்ஜ் நம்பர் ஆஃப் பீப்பிள்' என்று எழுதுங்கள். 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் பல மாணவர்கள். வினை பன்மை, 'ஆர்'. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் மாணவர் எண்ணிக்கை. வினை ஒருமை, 'இஸ்'. 'மெஜாரிட்டி' என்பதும் எண்ணலுக்கு உரியது. 'மெஜாரிட்டி ஆஃப் தி வாட்டர்' வேண்டாம். 'மோஸ்ட் ஆஃப் தி வாட்டர்'.

இரண்டு பக்கமும் நிற்கும் சொற்கள்

வெங்காயம் கூடையில் இருக்கும்போது எண்ணும் சொல். குழம்பில் கரைந்தபின் அளக்கும் சொல். 'தேர் ஆர் டூ மெனி ஆனியன்ஸ் இன் தி பாஸ்கெட்', 'தேர் இஸ் டூ மச் ஆனியன் இன் தி கறி'. உயிரோடு கொத்தித் திரிவது 'எ சிக்கன்'. தட்டில் இருப்பது 'சிக்கன்'. 'ஐ ஏட் எ சிக்கன்' என்றால் முழுக் கோழியையும் நீங்கள் ஒருவரே தின்றதாக ஆகும். கடையில் 'டூ காஃபீஸ்' என்று கேட்பது சரி. அங்கே எண்ணுவது கோப்பைகளை. 'ஹேர்' தலையில் அடர்ந்திருக்கும்போது அளக்கும் சொல். 'மை ஹேர் இஸ் ஃபாலிங்' என்போம், 'மை ஹேர்ஸ் ஆர்' என்பது இல்லை. சாம்பாரில் கிடந்தால் அது 'எ ஹேர்'. 'பேப்பர்' எழுதும் தாளாக அளக்கும் சொல். தேர்வுத்தாள், செய்தித்தாள், ஆய்வுக்கட்டுரை என்றால் எண்ணும் சொல். 'டைம்' நேரமானால் 'மச் டைம்', தடவையானால் 'மெனி டைம்ஸ்'.

வேலை தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது 'எக்ஸ்பீரியன்ஸ்'. ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் 'எக்ஸ்பீரியன்ஸ்'. பயணத்தில் நேர்ந்த தனித்தனி நிகழ்வுகள் 'எக்ஸ்பீரியன்சஸ்'. விண்ணப்பத்தில் வருவது முதலாவது. செய்தி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது 'டேமேஜ்'. வெள்ளத்தால் விளைந்த சேதம் 'டேமேஜ்', எவ்வளவு பெரிதானாலும். 'டேமேஜஸ்' என்றால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் இழப்பீட்டுத் தொகை. 'தி ஃப்ளட் காஸ்டு ஹெவி டேமேஜஸ்' என்று எழுதினால் வெள்ளம் இழப்பீடு கட்டியது போல் இருக்கும். 'நியூஸ்' இறுதியில் 'எஸ்' இருந்தும் ஒருமை, அதிலும் அளக்கும் சொல். 'எ நியூஸ்' என்று சொல்லாமல் 'எ பீஸ் ஆஃப் நியூஸ்' என்று சொல்ல வேண்டும். 'டேட்டா' லத்தீனில் பன்மை. அறிவியல் ஆய்விதழ்கள் சில இன்னும் அப்படியே நடத்துகின்றன. கணினித் துறையிலும் அன்றாட எழுத்திலும் அது ஒருமையாகிவிட்டது. இரண்டும் வழக்கில் உள்ளன. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு சொல்லுக்கு அடையாக வரும் இடம் ஒன்று பாக்கி. 'எ டென் இயர்ஸ் ஓல்டு பாய்' என்று எழுதுகிறவர்கள் தமிழையே கேட்டிருக்கலாம். 'பத்து வயசுப் பையன்', 'அஞ்சு ரூபாய் நாணயம்', 'மூணு மாடிக் கட்டடம்'. எங்காவது 'வயசுகள் பையன்' என்கிறோமா? ஆங்கிலத்திலும் அடையாக வரும்போது 'எஸ்' இல்லை: 'எ டென் இயர் ஓல்டு பாய்', 'எ ஃபைவ் ருபீ காயின்'. 'லாக்' என்ற லட்சமும் எண்ணுக்குப் பின் அப்படியே நிற்கும்: 'ஃபைவ் லாக் ருபீஸ்'. லட்சக்கணக்கில் என்னும்போது மட்டும் 'லாக்ஸ் ஆஃப் ருபீஸ்'.

ஒரு கடிதத்தைத் திருத்துவோம்

கீழே உள்ளது நான் பல விண்ணப்பங்களிலிருந்து பிழைகளைத் திரட்டிக் கட்டிய ஒரு கடிதம். பென்சிலை எடுத்துக்கொண்டு, மேலே படிப்பதற்குமுன் நீங்களே திருத்துங்கள்.

'சார், ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்சஸ் இன் திஸ் ஃபீல்டு. இன் மை லாஸ்ட் கம்பெனி ஐ வாஸ் எ ஸ்டாஃப் இன் தி பர்ச்சேஸ் செக்‌ஷன் அண்ட் பாட் மெனி எக்விப்மென்ட்ஸ். ஒன் ஆஃப் மை காலீக் டோல்டு மீ தட் லெஸ்ஸர் பீப்பிள் ஹேவ் அப்ளைடு திஸ் டைம். ப்ளீஸ் சென்ட் மீ சம் இன்ஃபர்மேஷன்ஸ் அபவுட் தி போஸ்ட். ஐ கேன் ஜாயின் அட் எ ஃபிஃப்டீன் டேஸ் நோட்டீஸ்.'

'எக்ஸ்பீரியன்சஸ்' தன் வாலை இழக்கும். 'எ ஸ்டாஃப்' என்பதை 'எ ஸ்டாஃப் மெம்பர்' ஆக்கலாம். 'ஐ வொர்க்டு இன் தி பர்ச்சேஸ் செக்‌ஷன்' என்று எழுதிவிட்டால் இன்னும் நல்லது. 'மெனி எக்விப்மென்ட்ஸ்' என்பதை 'எ லாட் ஆஃப் எக்விப்மென்ட்' என்று மாற்றலாம். நானாக இருந்தால் மூட்டையை அவிழ்த்து, என்னென்ன இயந்திரம் வாங்கினேன் என்று பெயர் சொல்லி எழுதுவேன். வேலை கொடுப்பவருக்கும் அதுதான் பயன்படும். 'காலீக்' பன்மையாகும், 'லெஸ்ஸர்' 'ஃபியூவர்' ஆகும். அல்லது விண்ணப்பத்தில் அந்த வாக்கியமே வேண்டாம் என்று அடித்துவிடலாம். 'இன்ஃபர்மேஷன்ஸ்' இருக்குமிடத்தில் 'டீடெய்ல்ஸ்' வரட்டும்.

கடைசி வரியில் பலரும் 'டேஸ்' என்பதன் 'எஸ்'ஸை அடிக்கிறார்கள். அது இருக்கலாம், போக வேண்டியது அதற்கு முன்னால் நிற்கும் 'எ'. பதினைந்து நாளின் அவகாசம் என்று உடைமையாகச் சொல்லும்போது 'அட் ஃபிஃப்டீன் டேஸ் நோட்டீஸ்'. எழுதும்போது 'டேஸ்' என்பதன் 'எஸ்'ஸுக்குப் பிறகு மேலே ஒரு சின்னக் காற்புள்ளி போட மறக்காதீர்கள்.